முனை மழுங்கின எழுத்து: விஏஜி ரவுண்டட் பற்றி சில குறிப்புகள்

சில மாதங்களுக்கு முன்னால் சித்தப்பா போன் பண்ணினார். "ஏம்ப்பா, ஒரு கம்பெனிக்காரன் தினம் ஒரு விளம்பரமா அனுப்பிக்கிட்டே இருக்கான், இதை எப்படி நிறுத்துறது?" ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். பார்த்தால் அது விளம்பரம் இல்லை. பைக் கடனுக்கான தவணை தேதி தாண்டிவிட்டது, அபராதம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று மூன்றாவது முறையாக வந்த அறிவிப்பு. மஞ்சள் பின்னணி, மேலே ஒரு கார்ட்டூன் உண்டியல், நடுவில் கொழுகொழுவென்று உருண்டை முனை வைத்த தடித்த எழுத்து. முதல் இரண்டையும் அவர் படிக்காமலே தள்ளிவிட்டிருக்கிறார். "பிஸ்கட் பாக்கெட் மாதிரி இருந்துச்சுப்பா" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே மாதிரியான ஒரு செயலிக்கு இதே மாதிரியான எழுத்துருவைப் போட்டவன் நான்தான். டிசைன் மீட்டிங்கில் "ஃப்ரெண்ட்லியா இருக்கணும்" என்றார்கள். சிஎஸ்எஸ் கோப்பில் ஒரே ஒரு வரி மாற்றம், அஞ்சு நிமிஷ வேலை. வரவேற்புத் திரை, கடன் ஒப்புதல், தவணை தவறிய அறிவிப்பு என்று எல்லாத் திரைக்கும் அந்த ஒரு வரி போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு எனக்கு அது உறுத்தவே இல்லை.

சித்தப்பா விவகாரத்துக்கு அப்புறம்தான், இந்த உருண்டை முனை எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். எல்லாத் தடமும் கடைசியில் ஒரு கார் கம்பெனியில் போய் நின்றது.

ஃபோக்ஸ்வாகன் 1960-களில் ஆடியை வாங்கிவிட்டது. ஆனால் விற்பனை நிலையங்களைப் பொறுத்தவரை ஒரே வீட்டுக்குள் இரண்டு குடித்தனம். ஃபோக்ஸ்வாகனின் எழுத்து ஃபியூச்சுரா. 1959-இல் வந்த 'சிறியதாய் யோசி' விளம்பரத்தில் பார்க்கிறோமே, அந்த எழுத்து. ஆடியின் எழுத்து டைம்ஸ். 1970-களின் கடைசியில் இரண்டு விற்பனை வலைகளையும் வி.ஏ.ஜி. என்ற ஒரே பெயருக்குக் கீழே கொண்டுவந்தார்கள். ஃபியூச்சுராவைப் பொதுவாக வைத்தால் ஆடிக்காரர் முகம் சுளிப்பார், டைம்ஸை வைத்தால் ஃபோக்ஸ்வாகன்காரர். இரண்டுமே இல்லாத மூன்றாவது ஒன்று வேண்டும். அந்த வேலை லண்டனின் செட்லி பிளேஸ் நிறுவனத்துக்குப் போனது. அங்கே அதைக் கையாண்ட குழுவில் முக்கியமானவர் ஜெரி பார்னி. பிரிட்டிஷ் ரயில்வேக்கு 1965-இல் வந்த அந்த இரட்டை அம்புச் சின்னத்தை வரைந்தவரும் இவரேதான். அந்தச் சின்னம் இன்றைக்கும் அங்கே ரயில் நிலையப் பலகைகளில் இருக்கிறது. கை எப்படிப்பட்டது என்று இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

அவர்கள் கொடுத்தது சாதாரண சான்ஸ் செரிஃப் எழுத்து ஒன்று. அதன் எல்லாக் கோட்டு முனையும் அரைவட்டமாக முடியும். ஜெர்மன் பெயர் ருண்ட்ஷ்ரிஃப்ட், அதாவது உருண்டை எழுத்து. பெயர் வைப்பதில் ஜெர்மன்காரர்கள் மெனக்கெடுவதே இல்லை.

ஏன் உருண்டை? இப்போது நாம் சட்டென்று சொல்லும் காரணம் 'அன்பாக இருக்கிறது' என்பது. அப்போதைய காரணம் வேறு. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான டீலர்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு அச்சகம், ஒரு போர்டு செய்கிறவர். ஒருத்தர் பிளாஸ்டிக்கை அறுத்துச் செய்வார், ஒருத்தர் உள்ளூர்ப் பத்திரிகையில் மட்டமான தாளில் அச்சடிப்பார். இந்தப் பாதையில் எழுத்துக்கு முதலில் போகிற உறுப்பு அதன் கூர்மையான மூலை. ஒளி அச்சுக்கோப்பில் வெளிச்சம் மூலையில் கசியும், அச்சில் மை பரவும், நகலை நகலெடுத்தால் மூலை தேயும். சதுர முனை வைத்த எழுத்து பத்து ஊரில் பத்து விதமாக மழுங்கும். அதனால் ஊர் மழுக்குவதற்கு முன்னால் நாமே மழுக்கிவிடுவது. ஏற்கெனவே உருண்டையாக இருக்கும் முனை எங்கே போனாலும் உருண்டையாகவே இருக்கும். கூடவே, யார் வேண்டுமானாலும் வாங்கிப் பயன்படுத்தும்படி எழுத்தை வெளியே விட்டார்கள். டீலரின் தெருவிலிருக்கும் அச்சகத்தில் அது கிடைத்தால்தானே டீலர் அதைப் போடுவார்?

எனக்கு இது மிகவும் பிடித்த பகுதி. நம்ம பாஷையில் சொன்னால், பிழை வரும் இடத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அந்தப் பிழையையே விவரக்குறிப்பில் எழுதிவிட்டார்கள். முழுக்க உற்பத்திப் பொறியாளரின் முடிவு. சிரிப்பெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

உருண்டை முனையை இவர்கள் கண்டுபிடிக்கவும் இல்லை. பி.இ. முதல் வருஷம் எஞ்சினியரிங் டிராயிங் வகுப்பில் பக்கம் பக்கமாக எழுத்துப் பயிற்சி எழுதியது ஞாபகம் இருக்கிறதா? மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் தொங்கிய தலைமுறைக்குக் கண்டிப்பாக ஞாபகம் இருக்கும். அதில் கோட்டின் தடிமனுக்கு ஒரு கணக்கு உண்டு: ஏ வகையில் எழுத்தின் உயரத்தில் 14-இல் ஒரு பங்கு, பி வகையில் 10-இல் ஒரு பங்கு. ரோட்ரிங் பேனாவால் எழுதினால் முனை தானாகவே உருண்டையாக முடியும், ஏனென்றால் நிப்பு ஒரு குழாய். வட்டமான கருவி எங்கே நின்றாலும் வட்டத்தில்தான் நிற்கும். அமெரிக்காவில் கார்ட்டன் என்று ஒரு செதுக்கு இயந்திரம் இருந்தது. சுழலும் வெட்டுமுனையால் உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் எழுத்தைக் கடைவார்கள். லிஃப்ட் பொத்தான், கட்டுப்பாட்டுப் பலகை, பழைய கணினி விசைப்பலகை என்று அது பதிக்காத இடம் இல்லை. அங்கேயும் உருண்டை முனைதான், காரணமும் அதேதான். நம்ம ஓலைச்சுவடியும் இந்தக் குடும்பம்தான் என்று சொல்லலாம். எழுத்தாணி கீறிய கோட்டில் தடித்தது மெலிந்தது கிடையாது, முழுக்க ஒரே தடிமன். எழுத்தில் தடிப்பும் மெலிவும் வைக்கிற பழக்கம் நமக்கு ஈய அச்சோடு சேர்ந்து வலுப்பட்ட ஒன்று.

இதுவரைக்கும் சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. டிராயிங் தாள் எழுத்து யாருக்கும் பிஸ்கட்டை ஞாபகப்படுத்துவதில்லை. முனை உருண்டை என்பது மட்டும் காரணம் என்றால் அதுவும் கொஞ்ச வேண்டுமே, ஏன் கொஞ்சவில்லை?

விடை அந்தப் பங்குக் கணக்கில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எஸ்விஜி படம் வரைந்தவர்களுக்குத் தெரியும், கோட்டின் முனைக்கு மூன்று தேர்வு உண்டு: வெட்டினாற்போல், சதுரமாக, உருண்டையாக. உருண்டை என்று கொடுத்தால் கோட்டின் தடிமனில் பாதி நீளத்துக்கு ஓர் அரைவட்டம் வெளியே முளைக்கும். 14-இல் ஒரு பங்கு தடிமனில் அந்த அரைவட்டம் எழுத்தின் உயரத்தில் 28-இல் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாது, கரடுமுரடு போன மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தடிமனை உயரத்தில் நாலில் ஒரு பங்காக ஏற்றுங்கள். ஒவ்வொரு முனையிலும் உயரத்தில் எட்டில் ஒரு பங்குக்கு அரைவட்டம் நிற்கிறது. மேலேயும் கீழேயும் சேர்த்து நேர்க்கோட்டில் கால்வாசி வளைவாகிவிட்டது. இப்போது அது உருண்டை முனை வைத்த கோடு இல்லை, ஒரு மாத்திரை. இன்னும் ஏற்றினால் சாசேஜ். கிண்டல் இல்லை, லெட்ராசெட் 1970-இல் வெளியிட்ட ஒரு எழுத்தின் பெயரே ஃபிராங்ஃபர்ட்டர். அது நேர்மையான எழுத்து என்பேன். நான் ஒரு சாசேஜ், என்னைத் தின்பண்டக் கடைக்குத்தான் போடலாம் என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறது.

ஆக, மெலிந்த எழுத்தில் உருண்டை முனை என்பது வேலைச் சுத்தம். தடித்த எழுத்தில் அதுதான் எழுத்தின் குணமே. விஏஜி ரவுண்டடை டிஜிட்டலாக வெளியிட்டபோது நான்கு எடைகள் வந்தன: தின், லைட், போல்டு, பிளாக். நடுவில் ரெகுலர் இல்லை. எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை. இந்த எழுத்துக்கு இரண்டு வாழ்க்கை, நடுவாந்திர வாழ்க்கை கிடையாது.

இரண்டு வாழ்க்கையையும் நாம் பார்த்தே இருக்கிறோம். மெலிந்த வாழ்க்கை ஆப்பிள் விசைப்பலகையில். அதற்கு முன்னால் ஆப்பிள் விசைகளில் சாய்ந்த, ஒடுக்கமான யுனிவர்ஸ் எழுத்து இருந்தது. பிறகு விஏஜி ரவுண்டட் வந்தது. 2007-இல் வந்த அந்த மெல்லிய அலுமினிய விசைப்பலகையில் அது உச்சத்துக்குப் போனது என்பது என் கணிப்பு. 2015 மேக்புக்கில் ஆப்பிள் தன் சொந்த எழுத்தான சான் பிரான்சிஸ்கோவுக்கு மாறும்வரை, நான் பல வருஷம் இந்த எழுத்தைத் தட்டித் தட்டித்தான் சம்பாதித்தேன். ஒரு தடவைகூடப் பெயரை விசாரிக்கவில்லை. விசையின் மூலையும் உருண்டை, எழுத்தின் முனையும் உருண்டை. ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டாமல் அடங்கி இருந்தன. கொஞ்சல் இல்லை, குழைவு இல்லை. புது விசைப்பலகையின் எழுத்து தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்குப் பழையதுதான் விசைக்குப் பொருத்தம். விசை என்பது விரல் படுகிற பொருள், படிப்பதற்கான தாள் இல்லை.

தடித்த வாழ்க்கைதான் சித்தப்பாவின் போனில் வந்து முடிந்தது. சரியாகச் சொன்னால் அது விஏஜி ரவுண்டட் இல்லை, அதன் பேரப்பிள்ளைகளில் ஏதோ ஒன்று. இன்றைக்கு உருண்டை எழுத்து வேண்டும் என்றால் தேடக்கூட வேண்டாம். சிஎஸ்எஸ்-இல் 'யுஐ ரவுண்டட்' என்று ஒரு சொல்லே இருக்கிறது, ஆப்பிள் கருவிகளில் சஃபாரி அதைப் புரிந்துகொண்டு உருண்டை எழுத்தைக் கொடுத்துவிடும். கார் டீலருக்காகச் செய்த ஒரு உற்பத்தித் தந்திரம், நாற்பது வருஷத்தில் 'நான் உன் சிநேகிதன்' என்று சொல்வதற்கான ஒரு சொல்லாகச் சுருங்கிவிட்டது.

அந்தச் சிநேகம் வெறும் கற்பனையா என்றால், இல்லை. மோஷே பார், மைட்டல் நெட்டா என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொருளின் வளைந்த வடிவத்தையும் கூரான வடிவத்தையும் காட்டினால் மக்கள் வளைந்ததையே விரும்புகிறார்கள் என்று கண்டார்கள். சார்ல்ஸ் ஸ்பென்ஸ் உள்ளிட்ட ஒரு குழு 2015-இல் சுவையையும் எழுத்துருவையும் சேர்த்து ஆராய்ந்தது. உருண்டையான எழுத்தை இனிப்போடு பொருத்தினார்கள், கூரான எழுத்தைப் புளிப்பு, கசப்பு போன்றவற்றோடு. இதற்கெல்லாம் முன்னால் பிரபலமானது பூபா, கிக்கி சோதனை. ஒரு உருண்டை வடிவம், ஒரு முள்முள்ளான வடிவம், எது பூபா, எது கிக்கி? கோலர் என்ற உளவியலாளர் 1929-இலேயே வேறு சொற்களை வைத்துச் செய்த சோதனை இது. 2001-இல் வி.எஸ். ராமச்சந்திரனும் ஹப்பர்டும் இந்தப் புதிய பெயர்களோடு அதை மறுபடி பேசவைத்தார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களோடு சேர்த்து இந்தியாவில் தமிழ் பேசுகிறவர்களையும் குறிப்பிடுகிறார்கள், இரு தரப்பும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்கிறது. கிக்கி என்று எழுதினால் ஆங்கிலத்தில் 'கே' முள்ளாகத் தெரிகிறதே, எழுத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார்களோ என்று ஒரு சந்தேகம் வரும். தமிழில் 'கி'-யின் மேலே ஒரு சுழிதான் இருக்கிறது, முள் எங்கே?

ஆக, உருண்டை என்றால் இனிப்பு, ஆபத்தில்லை என்று கண் எடுத்துக்கொள்கிறது. சித்தப்பாவின் கண் அதைத்தான் செய்தது. 'பிஸ்கட் பாக்கெட்' என்று அவர் சொன்னதைவிடத் துல்லியமான எழுத்துரு விமர்சனத்தை நான் படித்ததில்லை. எழுத்து தன்னை இனிப்பு என்று சொல்லிக்கொண்டது, இவர் நம்பினார், தள்ளிவிட்டார். ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இருந்திருக்காது. எங்கள் மீட்டிங்கில் நிச்சயமாக இல்லை. தவணை தவறியவரைப் பயமுறுத்தாமல் பேச வேண்டும் என்ற நல்லெண்ணம்கூட இருந்தது. ஆனால் பயமுறுத்தாமல் பேசுவது வேறு, என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசுவது வேறு. 'இது அறிவிப்பு, விளையாட்டில்லை' என்று முதல் பார்வையில் தெரியவைப்பது எழுத்தின் வேலைதான். அந்த வேலையை அன்றைக்கு நான் கழற்றிவிட்டிருக்கிறேன்.

அப்படியானால் உருண்டை எழுத்தை எங்கேயும் கண்டிப்பான வேலைக்கு வைக்கக் கூடாதா என்றால், ஜப்பான் அந்த வாதத்தை உடைக்கிறது. அங்கே சாலைப் பலகைகளில் வெகுகாலமாக இருப்பது நார் என்ற எழுத்து, முனையெல்லாம் உருண்டை. பழைய தேசிய ரயில்வேயின் நிலையப் பெயர்ப் பலகைகளிலும் உருண்டை மூலை எழுத்துதான். அந்தப் பலகையைப் பார்த்து யாரும் மிட்டாய் ஞாபகத்தில் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிடுவதில்லை. பல வருஷம் ஒரே இடத்தில் ஒரே வேலையைச் செய்தால், கண் அந்த வடிவத்துக்கு அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் போலிருக்கிறது. அதிலும் சாலைப் பலகை எழுத்து மிதமான தடிமன்தான். மாத்திரை கட்டத்துக்குப் போகவில்லை.

இனி நம்ம எழுத்துக்கு வருகிறேன். தடித்த உருண்டை எழுத்துருவில் தமிழும் சேர்ந்து இலவசமாகக் கிடைப்பவை என்றால் எனக்கு உடனே வருபவை இரண்டு. ஒன்று பிரேசில் வடிவமைப்பாளர் மார்செலோ மகல்யாயிஸ் செய்த கொய்னி. இன்னொன்று மும்பையின் எக் டைப் குழு செய்த பலூ குடும்பத்தில் தமிழுக்கான பலூ தம்பி. மலையாளத்துக்கு பலூ சேட்டன், வங்காளத்துக்கு பலூ தா, தெலுங்குக்கு பலூ தம்முடு, குர்முகிக்கு பலூ பாஜி. இந்தப் பெயர் வைப்புக்காகவே ஒரு கும்பிடு போடலாம். பலூ தம்பி கணக்குப் போட்டு வரைந்த வடிவியல் எழுத்து இல்லை, தடித்த தூரிகையின் கைத்தடம் இருக்கிறது. ஆனாலும் புழக்கத்தில் இரண்டும் ஒரே அலமாரியில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

ஆங்கிலத்தில் முனையை உருட்டுவது எளிது, ஏனென்றால் அங்கே முனைகள் ஏராளம். 'எக்ஸ்'-க்கு நாலு, 'கே'-க்கு நாலு, 'ஈ'-க்குக் கைகள் மட்டும் மூன்று. உருட்டியவுடன் எழுத்தின் முகமே மாறிவிடும். தமிழில் சுதந்திரமாக நிற்கும் முனைகள் குறைவு. கோடு சுழித்துத் தனக்குள்ளேயே போய் அடங்கும், இல்லாவிட்டால் மூலை திரும்பும். ப-வுக்கு இரண்டு முனை, இரண்டு மூலை. அதனால் முனையை மட்டும் உருட்டினால் தமிழில் பெரிசாக ஒன்றும் நடக்காது, மூலையையும் உருட்ட வேண்டும். ட-வின் மூலையை உருட்டலாம், எவ்வளவு தூரம்? அந்தச் செங்கோணம்தானே ட-வை ட ஆக்குகிறது.

அடுத்தது முனையிலேயே பொருள் தொங்கும் எழுத்துகள். எ-வுக்கும் ஏ-வுக்கும் நடுவே இருப்பது காலடியில் ஒரு சிறு சாய்கோடு. ர-வுக்கும் துணைக்காலுக்கும் நடுவேயும் அப்படித்தான். மெலிந்த எழுத்தில் அந்தச் சாய்கோடு துல்லியமாக நீட்டிக்கொண்டு நிற்கும். தடிமனை ஏற்றி முனையை உருட்டினால், சாய்கோட்டின் நீளமும் தடிமனும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அப்புறம் அது கோடு இல்லை, காலில் ஒரு வீக்கம். புள்ளியின் கதி இன்னும் வேடிக்கை. உருண்டை எழுத்தில் எல்லா முனையும் அரைவட்டம், புள்ளி ஒரு முழுவட்டம். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. தூரத்திலிருந்து பார்த்தால் மெய்யெழுத்தின் புள்ளி ஏதோ ஒரு கோட்டிலிருந்து உடைந்து விழுந்த துண்டு மாதிரி இருக்கும்.

ஆனால் பெரிய சங்கடம் சுழிதான். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்று திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சுழியை எண்ணித்தான் சொல்லித்தருகிறோம். எண்ண வேண்டும் என்றால் நடுவில் வெளிச்சம் வேண்டும். தடித்த எழுத்து சாப்பிடுவது அந்த வெளிச்சத்தைத்தான். வடிவமைப்பாளருக்கு இரண்டு வழி. ண-வை அகலமாக்கலாம், அப்படிச் செய்தால் ஒரு வரியில் பத்து எழுத்து நிற்காது. இல்லையென்றால் வெளிக்கோட்டைத் தடிப்பாக வைத்து உள்சுழியின் கோடுகளை மெலிக்கலாம். நல்ல தடித்த தமிழ் எழுத்துருக்கள் இரண்டாவதைத்தான் பெரும்பாலும் செய்கின்றன. பலூ தம்பியை ஐந்து மடங்கு பெரிசாக்கி ண-வையும் ட-வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எங்கே எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியும். ஒரே தடிமனில் எல்லாக் கோட்டையும் வரைந்து முனையை உருட்டுவதுதான் வடிவியல் எழுத்தின் இலட்சியம். தமிழ் அந்த இலட்சியத்தை ண வரைக்கும்கூட விடுவதில்லை. இதைக் குறை என்று நான் சொல்லவில்லை. அந்த விட்டுக்கொடுத்தலில்தான் வேலை செய்தவரின் கண் தெரிகிறது. எல்லா எழுத்திலும் ஒரே தடிமனைப் பிடிவாதமாக வைத்து, ண-வை ஒரு கறுப்புக் கட்டியாக்கி விற்கும் தடித்த எழுத்துருக்களும் உண்டு. அவற்றின் பெயரைச் சொல்லி யார் பொல்லாப்பையும் வாங்கிக்கொள்வானேன்.

பயன்பாடு? யூடியூப் முகப்புப் படங்கள், குழந்தைகள் புத்தக அட்டை, ஐஸ்கிரீம் வண்டி. இங்கெல்லாம் பலூ தம்பி பிரமாதம். நாலு வார்த்தை, பெரிய அளவு, உற்சாகமான செய்தி. இலவசம், கூகுள் எழுத்துருத் தொகுப்பிலேயே கிடைக்கிறது என்பதால் அது போகக்கூடாத இடத்துக்கும் போகிறது. அஞ்சலி பேனரில் ஒரு தடவை பார்த்தேன். இறந்தவர் படத்துக்குக் கீழே கொழுக்கட்டை மாதிரி எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. பேனர் அடித்த பையனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் கணினியில் தடித்த தமிழ் எழுத்து என்று தேடினால் முதலில் வந்து நிற்பது இதுதான் என்றால் அவன் என்ன செய்வான்? தடித்தது வேண்டும், ஆனால் கொஞ்சக் கூடாது என்ற வகையில் இலவசமாகக் கிடைக்கும் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இன்னும் நாலைந்தாவது புழக்கத்துக்கு வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

பழைய கம்பெனியின் குறியீடு இப்போது என்னிடம் இல்லை. அந்தச் செயலியும் இன்று இல்லை. அதனால் வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்தேன். தவணை அறிவிப்பின் தமிழ் வாசகம் ஒன்றை எழுதி, அதில் வேண்டுமென்றே 'பணி', 'பனி', 'மணம்', 'மனம்' நாலையும் திணித்தேன். வாசகம் அபத்தமாக இருந்தது, இருக்கட்டும். தடித்த உருண்டை எழுத்தில் போனில் சாதாரணமாக வரும் அளவில் வைத்து, சித்தப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். நாலு சொல்லில் இரண்டைத் தப்பாகப் படித்தார், பணியைப் பனி என்றார், மணத்தை மனம் என்றார். அதே வாசகத்தை மிதமான தடிமனில், சாதாரண எழுத்தில் வைத்தேன். நாலும் சரி. ஒரு ஆளை வைத்துச் செய்த சோதனைக்கு ஆய்வு என்று பெயர் கிடையாது, அது எனக்கும் தெரியும்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கேட்டார், "இப்ப இதுல எவ்வளவு கட்டணும்?" சோதனைக்காக எழுதியது சித்தப்பா, நிஜம் இல்லை என்றேன். "ரெண்டாவது நிஜம் மாதிரி இருந்துச்சு" என்றார்.